வார்னிங் எரராகி பில்டு நின்றால்: அறிகுறி பார்த்து அவிழ்க்கும் முறை

மார்ச் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். காரைக்குடியைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் இறுதியாண்டுப் புராஜெக்ட் சமர்ப்பிக்கிற நேரம். செக்காலை ரோட்டில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லினக்ஸ் தெரிந்தவன் என்று எவனோ கிளப்பிவிட்டதால் அழைப்பெல்லாம் இங்கேதான். "அண்ணே, சீனியர் லேப்டாப்ல ஓடுச்சுண்ணே. அதே கோடுதான். என்னோடதுல மேக் குடுத்தா நடுவுலயே நிக்குது."

'மேக்' என்பது கோடு முழுவதையும் பில்டு செய்கிற, அதாவது ஓடும் நிரலாக்குகிற, கமாண்டு. கோடு அதேதான், கோடைக் கணினிக்கு மொழிபெயர்க்கிற கம்பைலர்தான் அதே இல்லை. சீனியரிடம் உபுண்டு 18.04, அதில் இருக்கும் கம்பைலர் ஜிசிசி 7. இவனிடம் 24.04, அதில் ஜிசிசி 13. நடுவில் வந்த ஒவ்வொரு ஜிசிசியும் புதுப்புது வார்னிங்குகளைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. புராஜெக்டை எழுதியவர் 'எந்த வார்னிங் வந்தாலும் எரராக எடுத்துக்கொள்' என்று ஒரு ஃபிளாக்கை, அதாவது கம்பைலருக்கான ஒரு ஆப்ஷனை, உள்ளே வைத்துவிட்டுப் போயிருப்பார். அவர் எழுதிய அன்று ஒரு வார்னிங்கும் வரவில்லை, இன்று வருகிறது.

பெரும்பாலும் போனில் சொல்லியே இதைச் சரிசெய்து பழகியதால், கமாண்டுகளைச் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். மேலே சொன்ன ஃபிளாக்கின் பெயர் '-டபிள்யூஎரர்': ஒரு மைனஸ் குறி, பெரிய எழுத்து டபிள்யூ, இடைவெளி விடாமல் சின்ன எழுத்தில் எரர். '-டபிள்யூநோ-எரர்' அதன் எதிர்ப்பதம்.

## எந்த வரியைப் பார்ப்பது

கடைசி வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். 'மேக், எரர் 2' என்று மூன்று நட்சத்திரத்தோடு வருகிற அந்த வரிக்கு 'எங்கேயோ ஏதோ தோற்றது' என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை. -ஜே8 கொடுத்து ஓட்டியிருந்தால் எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடி, உண்மையான எரர் எங்கோ மேலே போயிருக்கும். -ஜே1 கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். வெளியீட்டை டீ கமாண்டு வழியாக ஒரு ஃபைலிலும் சேமியுங்கள். (ஆமாம், டீ என்றே ஒரு கமாண்டு இருக்கிறது.)

எரர் என்று முதன்முதலாக வரும் வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குறி இருக்கிறதா பாருங்கள். நோய் எதுவென்று அங்கேதான் எழுதியிருக்கும்.

அடைப்புக்குள் '-டபிள்யூஎரர்=ஏதோ பெயர்' என்றிருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். கிளாங் கம்பைலர் என்றால் சமக்குறிக்குப் பதில் ஒரு காற்புள்ளி இருக்கும், விஷயம் ஒன்றுதான். அடைப்புக்குள் எரர் என்ற சொல்லே இல்லாமல் வெறும் '-டபிள்யூ' பெயர் மட்டும் இருந்து, ஆனாலும் வரி எரர் என்று சொன்னால், அது வேறு நோய். கீழே 'ஜிசிசி 14' என்ற தலைப்புக்குத் தாவுங்கள். அடைப்பே இல்லையென்றால் அது நிஜமான எரர். ஹெடர் ஃபைல் இல்லை என்று சொன்னால் அந்த லைப்ரரியின் டெவ் பேக்கேஜைப் போட வேண்டும், அவ்வளவுதான். இந்தக் குறிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## அறிகுறி: "எல்லா வார்னிங்குகளும் எரராகக் கருதப்படுகின்றன" என்ற வரி

சிசி1 அல்லது சிசி1பிளஸ் என்று தொடங்கி இந்த அர்த்தத்தில் ஒரு வரி வந்தால் சந்தேகமே வேண்டாம். செலவு குறைந்த வழியிலிருந்து தொடங்குங்கள்.

ஆப்ஷன் ஏற்கெனவே இருக்கிறதா? நல்ல புராஜெக்டுகள் இதை அணைக்க ஸ்விட்ச் வைத்திருக்கும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் (பில்டுக்கு முன் கணினியைச் சோதித்துத் தயார்செய்யும் நிரல்) இருந்தால் அதன் ஹெல்ப்பை ஓட்டி, வெரர் என்ற சொல்லைத் தேடுங்கள், பெரிய சின்ன எழுத்து பார்க்காமல். ஜிடிபி, பின்யூட்டில்ஸ், ஜிலிப்சி, கியூஈஎம்யூ எல்லாவற்றிலும் '--டிஸேபிள்-வெரர்' உண்டு. சில புராஜெக்டுகளில் அந்த டபிள்யூ பெரிய எழுத்தாக இருக்கும். கான்ஃபிகர் தனக்குத் தெரியாத ஆப்ஷனை எரராக்காமல் ஒரு வரி முணுமுணுத்துவிட்டுப் போய்விடும், அதனால் எழுத்தைக் கவனியுங்கள்.

மெசான் என்ற பில்டு கருவி என்றால் வெரர் என்பது அதன் உள்ளேயே இருக்கும் ஆப்ஷன். '-டிவெரர்=ஃபால்ஸ்' என்று செட்டப்பில் கொடுங்கள். பில்டு ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால் மெசான் கான்ஃபிகரில் கொடுத்தால் போதும். சிமேக் என்ற பில்டு கருவியில் 3.24 முதல் '--கம்பைல்-நோ-வார்னிங்-ஆஸ்-எரர்' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் புராஜெக்ட்காரர் சிமேக்கின் அதிகாரபூர்வ வழியில் வார்னிங்கை எரராக்கியிருந்தால்தான் இது வேலை செய்யும். பெரும்பாலான பழைய புராஜெக்டுகளில் ஃபிளாக்கை நேராகச் செருகியிருப்பார்கள், அங்கே இது பலிக்காது. லினக்ஸ் கர்னலோடு வரும் பெர்ஃப் கருவிக்கு மேக்கோடு 'வெரர்=0' கொடுத்தால் முடிந்தது.

ஒற்றை வார்னிங்கை மட்டும் இறக்குவது. அடைப்புக்குள் பார்த்த பெயரை எடுத்து '-டபிள்யூநோ-எரர்=அந்தப் பெயர்' என்று சிஃப்ளாக்ஸில் (கம்பைலருக்கான ஃபிளாக்குகளை வைக்கும் மாறி) சேருங்கள், சி++ என்றால் சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸில். அந்த வார்னிங் திரையில் தெரியும், பில்டு நிற்காது, மற்ற வார்னிங்குகள் எரராகவே இருக்கும். எனக்குப் பிடித்த வழி இதுதான். எதை மன்னித்தோம் என்று எழுத்தில் இருக்கும். கான்ஃபிகருக்கு சிஃப்ளாக்ஸ் கொடுக்கும்போது '-ஜி -ஓ2' இரண்டையும் நீங்களே சேர்த்து எழுத வேண்டும். நாம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது தன் வழக்கமானதைப் போடாது. இதை மறந்துவிட்டு 'பில்டு ஆச்சு, ஆனா ஆமை மாதிரி ஓடுது' என்று திரும்ப வருகிறவர்கள் உண்டு.

ஃபைலைத் திறந்து எடுப்பது. சொல்லைத் தேடுகிற க்ரெப் கமாண்டை ஃபோல்டர் முழுக்க ஓட்டி டபிள்யூஎரர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கான்ஃபிகர் டாட் ஏசி, மேக்ஃபைல் டாட் ஏஎம், சிமேக்லிஸ்ட்ஸ், மெசான் டாட் பில்டு ஆகியவைதான் வழக்கமான இடங்கள். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, செய்த மாற்றத்தைக் காட்டும் கிட் டிஃபை ஒரு பேட்ச் ஃபைலாகச் சேமியுங்கள். அடுத்த வெர்ஷன் இறக்கும்போது அது வேண்டும்.

பழைய கம்பைலர். உபுண்டு 24.04-இல் ஜிசிசி-12 தனிப் பேக்கேஜாகவே கிடைக்கும். அதை நிறுவி 'சிசி=ஜிசிசி-12' என்று முன்னால் போட்டுக் கான்ஃபிகர் ஓட்டலாம். அதுவும் போதாத பழைய கோடு என்றால் டாக்கரில் (தனிச் சூழலில் மென்பொருளை ஓட்டும் கருவி) ஜிசிசி 9 இமேஜை இழுத்து உள்ளே பில்டு செய்யலாம். இறக்குமதிக்கு டேட்டாவும் நேரமும் போகும். இரவு பத்து மணிக்கு மேல், மறுநாள் மாதாந்திர மின்தடை இல்லை என்று தெரிந்த பிறகு, செய்யுங்கள்.

## அறிகுறி: ஃபிளாக் கொடுத்தும் அதே எரர்

தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிற இடம் இது. முதலில் கம்பைலருக்கு உண்மையில் என்ன போகிறது என்று பாருங்கள். மேக்கோடு 'வி=1', சிமேக் மேக்ஃபைல் என்றால் 'வெர்போஸ்=1', நிஞ்சா என்ற பில்டு கருவி என்றால் '-வி'. முழு கமாண்டும் திரையில் வரும். அதில் நம் ஃபிளாக் இருக்கிறதா, இருந்தால் டபிள்யூஎரருக்கு முன்னாலா பின்னாலா?

பெயர் சொல்லாத '-டபிள்யூநோ-எரர்' பின்னால் வந்தால்தான் செல்லும். முன்னால் வந்தால் பின்னால் வருகிற டபிள்யூஎரர் அதை அழித்துவிடும். மேக்ஃபைலை உருவாக்க உதவும் ஆட்டோமேக், பயனரின் சிஃப்ளாக்ஸைப் புராஜெக்டின் ஃபிளாக்குகளுக்குப் பின்னால் வைக்கும், அதனால் அங்கே பலிக்கும். சிமேக்கில் நாம் கொடுக்கிற சி ஃபிளாக்ஸ் முன்னால் போகும், புராஜெக்ட் சேர்த்த ஆப்ஷன்கள் பின்னால் வரும், அதனால் பலிக்காது. இரண்டு புராஜெக்டுகளில் ஒரே வைத்தியம், ஒன்றில் குணம், மற்றதில் இல்லை. காரணம் இந்த வரிசைதான். ஜிசிசியில் பெயர் சொல்லி இறக்கிய ஃபிளாக்குக்கு இந்த வரிசைப் பிரச்சினை இல்லை. எங்கே இருந்தாலும் பொதுவான டபிள்யூஎரரை அது மிஞ்சும். பெயர் சொல்லி இறக்குங்கள் என்று மேலே அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஃபிளாக்கே கமாண்டில் இல்லையென்றால், மேக்ஃபைலில் சிஃப்ளாக்ஸ் சமக்குறி போட்டு நேராக எழுதப்பட்டிருக்கும். சூழல் மாறியில் நாம் வைத்ததை அது மதிக்காது. சரி என்று மேக்குக்குப் பின்னால் சிஃப்ளாக்ஸைக் கொடுத்தால் நேர் எதிர் விபத்து: மேக்ஃபைல் சேர்த்த ஹெடர் பாதைகள் உட்பட எல்லாம் போய், நம்முடையது மட்டும் நிற்கும். உடனே 'ஹெடர் ஃபைலைக் காணோம்' என்று புது எரர். அப்போது 'சிசி' மாறியில் 'ஜிசிசி -டபிள்யூநோ-எரர்=பெயர்' என்று மேற்கோள் குறிக்குள் வைத்து மேக்குக்குக் கொடுங்கள். மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

கமாண்டில் டபிள்யூஎரரே இல்லை, ஆனாலும் அடைப்புக்குள் அந்தப் பெயர் வருகிறதா? சோர்ஸ் ஃபைலுக்குள்ளேயே பிராக்மா வரி (கோடுக்குள்ளிருந்தே கம்பைலருக்குச் சொல்லும் உத்தரவு) எழுதி வைத்திருப்பார்கள். க்ரெப்பில் 'டயக்னாஸ்டிக் எரர்' என்று தேடுங்கள். அல்லது துணைப் புராஜெக்ட் ஒன்று உள்ளே இருந்து தன் கண்டிப்பைத் தனியாக நடத்திக்கொண்டிருக்கும். மெசானில் துணைப் புராஜெக்டின் பெயர், முக்காற்புள்ளி, வெரர் என்று தனித்தனியாக அணைக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் பழைய பில்டு ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். சிமேக்கின் கேஷ் ஃபைல் பழசை விடாது.

## அறிகுறி: கான்ஃபிகர் இருக்கிற பொருளையே இல்லை என்கிறது

ஒரு மாணவி வந்தாள். லேபில் சி பாடம் நடத்தியவர் 'எப்போதும் கண்டிப்பான ஃபிளாக்கோடு கம்பைல் பண்ணணும்' என்று சொல்லி, சிஃப்ளாக்ஸில் டபிள்யூஎரர் வைத்து டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சியில் எழுதச் சொல்லியிருக்கிறார். பாடத்துக்கு நல்ல அறிவுரைதான். ஆனால் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வசதியும் இருக்கிறதா என்று சின்னச்சின்னத் துண்டு நிரல்களை எழுதிக் கம்பைல் செய்துதான் கண்டுபிடிக்கிறது. அந்தத் துண்டுகள் அவசரக் கோலம், அவற்றில் வார்னிங் வரும். டபிள்யூஎரர் இருந்தால் துண்டு தோற்கும், 'இந்த ஃபங்ஷன் இங்கே இல்லை' என்று கான்ஃபிகர் முடிவு கட்டும். பிறகு வரும் எரர்களுக்கும் நிஜ நிலைமைக்கும் தொடர்பே இருக்காது. 'எக்கோ' வைத்து சிஃப்ளாக்ஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் அன்செட் செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அவள் இரண்டு நாள் தேடிய சிக்கல் அந்த ஒரு வரியில் தீர்ந்தது.

கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் ஓட்டும்போதே நின்றால் அது கம்பைலர் விவகாரமே இல்லை. கான்ஃபிகர் டாட் ஏசியில் ஆட்டோமேக்கைத் தொடங்கும் வரியிலும் டபிள்யூஎரர் என்று எழுதும் வழக்கம் உண்டு. அது ஆட்டோமேக்கின் சொந்த வார்னிங்குகளுக்கானது. அங்கே எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: டீபக் பில்டில் மட்டும், அல்லது ரிலீஸ் பில்டில் மட்டும் நிற்கிறது

ஆப்டிமைசேஷனை அணைக்கும் -ஓ0 கொடுத்ததும் 'ஃபோர்ட்டிஃபை சோர்ஸுக்கு ஆப்டிமைசேஷன் வேண்டும்' என்று வந்தால், -ஓ0-க்குப் பதில் -ஓஜி கொடுங்கள். டீபக்குக்கு அது போதும்.

மாறாக -ஓ2, -ஓ3-இல் மட்டும் 'மதிப்பு வைக்கப்படாமல் இருக்கலாம்' என்கிற மேபி-அன்இனிஷியலைஸ்டு வந்தால், கம்பைலர் கோடை ஆழமாகப் புரட்டிப் பார்த்து ஊகிக்கிறது என்று அர்த்தம். ஊகம் தப்பாகவும் இருக்கும், சரியாகவும் இருக்கும். கோடைப் பார்க்காமல் தீர்மானிக்க முடியாது. சானிடைசர் (ஓடும்போது மெமரித் தவறுகளைப் பிடிக்கும் வசதி) போட்டு பில்டு செய்கிறவர்களுக்கு இந்தப் பொய் எச்சரிக்கை அதிகம் வரும். சானிடைசரோடு டபிள்யூஎரரைச் சேர்க்க வேண்டாம் என்று ஜிசிசி கையேடே சொல்கிறது.

## அறிகுறி: ஜிசிசியில் ஓடுகிறது, கிளாங்கில் நிற்கிறது

'தெரியாத வார்னிங் ஆப்ஷன்' என்று வரும். புராஜெக்ட் ஜிசிசிக்கு மட்டும் தெரிந்த ஒரு 'டபிள்யூநோ' ஃபிளாக்கைக் கொடுத்திருக்கும். கிளாங் அதைத் தெரியவில்லை என்று ஒரு வார்னிங்காகச் சொல்லும், டபிள்யூஎரர் அந்த வார்னிங்கையும் எரராக்கிவிடும். '-டபிள்யூநோ-அன்நோன்-வார்னிங்-ஆப்ஷன்' சேருங்கள்.

ஜிசிசி இந்த விஷயத்தில் வேறு குணம். தெரியாத 'டபிள்யூநோ' ஃபிளாக்கைப் பார்த்தால் வாயைத் திறக்காது. வேறு ஏதாவது வார்னிங் வந்தால் மட்டும் கூடவே இதையும் சொல்லும். அதனால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அதற்கு மேலே இருப்பதுதான் நிஜக் காரணம்.

## அறிகுறி: ஜிசிசி 14-க்கு மாறியதும் எரர், அடைப்புக்குள் டபிள்யூஎரர் இல்லை

டெபியன் 13, ஃபெடோரா 40 போட்டவர்களுக்கு வருவது. 2024-இல் வந்த ஜிசிசி 14, சி மொழியில் இதுவரை வார்னிங்காக இருந்த சிலவற்றை நேரடி எரராக்கிவிட்டது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது, வகை சொல்லாமல் விடுவது, இன்ட்டையும் பாயின்டரையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைப்பது, பொருந்தாத பாயின்டர் வகை இவையெல்லாம். யாரும் டபிள்யூஎரர் வைக்கவில்லை. '--டிஸேபிள்-வெரர்' கொடுத்துப் பயனில்லை.

'-எஃப்பெர்மிசிவ்' கொடுத்தால் பழையபடி வார்னிங்காக இறங்கும். கொடுக்கலாம், ஆனால் நான் இதில் கறார். அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தரும் என்று கம்பைலர் வைத்துக்கொள்ளும். அது உண்மையில் பாயின்டர் தருகிறது என்றால், 64 பிட் கணினியில் முகவரியின் பாதி வெட்டுப்படும். பில்டு ஆகும், ஓடும்போது விழும், ஏன் விழுந்தது என்று தெரியாது. முதலில் விடுபட்ட ஹெடரைச் சேர்க்க முடியுமா பாருங்கள். பெரும்பாலும் ஒரு இன்குளூட் வரிதான் தேவைப்படும்.

2025-இல் வந்த ஜிசிசி 15, சி23-ஐ வழக்கமாக்கியிருக்கிறது. பூல் என்ற சொல்லைச் சொந்தமாக வரையறுத்த பழைய கோடெல்லாம் அங்கே இடறும். '-எஸ்டிடி=க்னூ17' கொடுத்தால் பழைய இலக்கணத்துக்குத் திரும்பலாம்.

## அறிகுறி: "கில்டு" என்று வந்து சிசி1பிளஸ் செத்துப்போகிறது

மெமரி போதவில்லை. டபிள்யூஎரருக்கும் இதற்கும் உறவில்லை. -ஜே எண்ணைக் குறையுங்கள், ஸ்வாப் (மெமரிக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) கூட்டுங்கள்.

## எதை அடக்கக் கூடாது

அன்யூஸ்டு என்று தொடங்குகிறவை, டிப்ரிகேட்டட், இம்ப்ளிசிட்-ஃபால்த்ரூ இவற்றை வார்னிங்காக இறக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஃபார்மட்-செக்யூரிட்டி, ஸ்ட்ரிங்ஆப்-ஓவர்ஃப்ளோ, அரே-பவுண்ட்ஸ், யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ இந்த நான்கும் வந்தால் கை வைக்குமுன் கோடைத் திறந்து பாருங்கள். ஃபார்மட்-செக்யூரிட்டிக்குப் பெரும்பாலும் பிரின்ட்எஃப்பில் சதவீதக்குறி எஸ் சேர்ப்பதுதான் வைத்தியம். ஒரு நிமிட வேலைக்கு ஃபிளாக் தேடாதீர்கள். டெபியன் தன் பேக்கேஜ்களை பில்டு செய்யும்போது இதை இயல்பாகவே எரராக வைத்திருக்கிறது.

## புராஜெக்ட் உங்களுடையது என்றால்

ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தட்டின் மேல் நிறத்தை ஊற்றிக் கல் வார்ப்பார்கள். தட்டிலிருந்து கழற்றும்போது நிறம் கலங்கியிருந்தால் அந்தக் கல்லைப் பட்டறையிலேயே ஒதுக்குவார்கள். வீட்டுக்கு வந்து பதிக்கிற கொத்தனாரிடம் 'ஒரு கல்லில் கோடு தெரிந்தால் வீட்டு வேலையையே நிறுத்து' என்று சொல்லி அனுப்புவதில்லை. டபிள்யூஎரரை ரிலீஸில் கட்டாயமாக்குவது கொத்தனாருக்கு அந்த உத்தரவைக் கொடுத்தது போலத்தான்.

கண்டிப்பு உங்கள் பட்டறையில், அதாவது சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்டு செய்து சோதிக்கும் அமைப்பில்), நீங்களே தேர்ந்த கம்பைலர் வெர்ஷனோடு இருக்கட்டும். மெசானில் புராஜெக்டின் இயல்பு ஆப்ஷன்களில் வெரரை எழுதாதீர்கள், சிஐ ஸ்கிரிப்டில் '--வெரர்' கொடுங்கள். சிமேக்கில் 'சிமேக் கம்பைல் வார்னிங் ஆஸ் எரர்' என்ற மாறியை ஃபைலில் உண்மை என்று அடிக்காமல், சிஐக்கான பிரீசெட்டில் மட்டும் வையுங்கள். ஆட்டோகான்ஃபில் 'எனேபிள்-வெரர்' என்று ஒரு ஆப்ஷன் சேர்த்து இயல்பு நிலையில் அணைத்து வையுங்கள். அந்த ஃபிளாக்கைச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் சேருங்கள். முன்னால் சேர்த்தால் மேலே சொன்ன மாணவியின் கதைதான்.

லினக்ஸ் கர்னலே இந்தப் பாடத்தை ஒரு வாரத்துக்குள் படித்தது. 2021 செப்டம்பரில், 5.15 தயாராகும்போது, எல்லா பில்டுகளுக்கும் டபிள்யூஎரரை இயல்பாக ஏற்றினார்கள். சில நாட்களிலேயே, சோதனைக்காகக் கம்பைல் செய்யும் பில்டுகளுக்கு மட்டும் அது இயல்பு என்று குறைத்தார்கள். மற்றவர்கள் வேண்டுமென்றால் கான்ஃபிக் மெனுவில் ஏற்றிக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

பெயர் சொல்லி மூன்று வார்னிங்குகளை இறக்கிய பிறகும் நான்காவது புதிதாக வந்தால் நிறுத்துங்கள். அந்த வெர்ஷன் உங்கள் கம்பைலருக்கு மிகப் பழசு. புராஜெக்டின் புது வெர்ஷனில் சரிசெய்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். உங்கள் டிஸ்ட்ரோவிலேயே அது பேக்கேஜாக இருந்தால் அவர்களுடைய பேட்ச் ஃபோல்டரையும் பாருங்கள், பாதி நேரம் மருந்து அங்கேயே இருக்கும். மேலே சொன்ன நான்கு ஆபத்தான பெயர்களில் ஒன்று வந்து, கோடைப் பார்த்தும் புரியவில்லை என்றாலும் புராஜெக்டைப் பராமரிப்பவரிடம் போக வேண்டியதுதான்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஜிசிசி வெர்ஷன், டிஸ்ட்ரோ பெயர், கான்ஃபிகருக்குக் கொடுத்த முழு வரி, -ஜே1-இல் ஓட்டிய லாக், முதல் எரர் வரி, இவ்வளவும் எழுத்தாக, படமாக இல்லாமல். 'டபிள்யூஎரரை எடுத்துவிடுங்கள்' என்று மட்டும் எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், அது அவர்கள் வளர்த்த ஒழுக்கம். 'அணைக்க ஒரு ஆப்ஷன் சேர்த்துத் தருகிறேன், உங்கள் சிஐயில் அது ஏறியே இருக்கும்' என்று பேட்ச்சோடு எழுதுங்கள். போன வருடம் என் கடையில் உட்கார்ந்து ஒரு பையன் அப்படி அனுப்பிய ஆறு வரிப் பேட்ச் நான்கு நாளில் ஏற்கப்பட்டது. இந்த மார்ச்சில் அந்த சாஃப்ட்வேரைக் கேட்டு ஒரு போனும் வரவில்லை.